ஏரி வண்டலில் நட்ட ஆர்க்கிட்

என் மகளைக் கட்டிக் கொடுத்த வகையில் எனக்கு ஒரு மருமகனும் ஒரு சம்பந்தியம்மாவும் இரண்டு தொட்டிச் செடிகளும் கிடைத்தன. மருமகன் தங்கம். சம்பந்தியம்மாவும் நல்ல மாதிரி. செடிகள்தான் என்னை மதிக்கவில்லை.

மறுவீட்டு விருந்துக்குப் பாண்டி போயிருந்தோம். சாப்பாடு முடிந்ததும் சம்பந்தியம்மா எங்களை மாடிக்கு அழைத்துக்கொண்டு போனார். வடகம் காய்கிற இடம் என்று நினைத்துப் படியேறினால், பச்சை வலைப் பந்தல் போட்டு, கம்பி கட்டி, சட்டி சட்டியாகத் தொங்கவிட்டிருந்தார். ஒரு சட்டியில் ஊதாப் பூக்கள், ஒரே காம்பில் வரிசையாக உட்கார்ந்து எங்களையே பார்த்தன.

"இது ஆர்க்கிட்ணே. ஒரு தடவ பூத்தா மாசக்கணக்கா வாடாது," என்றார்.

பக்கத்தில் இன்னொன்று. இலையிலிருந்து இலை முளைத்து, இஸ்திரி போட்டது மாதிரித் தட்டையாக நீண்டு தொங்கியது. "இது ஆர்க்கிட் கள்ளி. பிரம்ம கமலம்னு சொல்லுவாங்களே, அதான். இலை ஓரத்துலேர்ந்து மொட்டு விடும். பொழுது சாஞ்சதும் விரியும். காலையில பாத்தா தொங்கிப்போயிருக்கும்."

ஒரு பொழுது பூக்கிறதுக்கா இவ்வளவு பந்தலும் கம்பியும் என்று கேட்க வாய் வந்தது. சம்பந்தி வீடு என்று அடக்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து என் மகள் குறுக்கே வந்தாள்.

"எங்கப்பாகிட்ட குடுங்க அத்தை. அவரு கை வச்சா காஞ்ச குச்சிகூட துளிர்க்கும்."

புகுந்த வீட்டில் அவள் சொன்ன முதல் பொய் அது. பொய் என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கும் தெரியாது. பாகூர் கொம்யூன் வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் வைத்துக் காலம் தள்ளுகிறவன், நம் கைக்கு என்ன குறை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன். சம்பந்தியம்மா ஆளுக்கொரு சட்டியை எங்கள் கையில் கொடுத்தார். "பூத்ததும் சொல்லுங்கண்ணே, வந்து பாக்கறேன்."

சோரியாங்குப்பத்துக்குத் திரும்பும் வழியில், காரில் ஆர்க்கிட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அரியாங்குப்பம் தாண்டும்போதுதான் குனிந்து சட்டிக்குள் பார்த்தேன். உள்ளே மண்ணே இல்லை. அடுப்புக்கரித் துண்டு, ஓட்டுச் சில்லு, கொஞ்சம் தேங்காய் மட்டை. அவ்வளவுதான். செடியின் வேர்கள் வெள்ளை வெள்ளையாகச் சட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன.

"இன்னாங்க இது, கரியில நட்டு வச்சிருக்காங்க?" என்றாள் என் மனைவி.

"பாவம்டி. டவுன்ல மண்ணுக்கு எங்க போவாங்க?"

"அதுக்குன்னு கரியிலயா?"

"இருக்கறத வச்சி சமாளிக்கிறாங்க. வேரைப் பாரேன், மண்ணத் தேடி வெளிய வந்து தொங்குது."

உண்மையாகவே மனசு கஷ்டமாக இருந்தது. வசதியான குடும்பம் என்று பெண்ணைக் கொடுத்திருக்கிறோம், ஒரு கூடை மண்ணுக்கு வழியில்லாமல் இருக்கிறார்களே என்று வருத்தப்பட்டுக்கொண்டே வந்தேன்.

விடிந்ததும் முதல் வேலை அதுதான். நிலத்துக்கு அடிப்பதற்காகப் பாகூர் ஏரியிலிருந்து கொண்டுவந்த வண்டல் கொல்லை மூலையில் குவிந்து கிடந்தது. தொட்டால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். கரியையும் சில்லையும் கொட்டிவிட்டு, அந்த வண்டலைச் சட்டி நிறைய அமுக்கினேன். வெளியே தொங்கிய வேர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்து மூடினேன். சட்டியின் பக்கவாட்டில் சுற்றிலும் ஓட்டை ஓட்டையாக இருந்தது. எந்தக் குயவர் இப்படி அரைகுறையாகச் செய்தார் என்று திட்டிக்கொண்டே களிமண்ணை உருட்டி எல்லா ஓட்டையையும் அடைத்தேன். வரப்பில் நண்டு வளையை அடைத்துப் பழகிய கை. ஒரு சொட்டுக் கசியவில்லை. பிறகு, நடவு வயலுக்குக் கட்டுகிற மாதிரி, மேலே ஒரு விரற்கடை நிற்கும்படி தண்ணீர் கட்டினேன்.

கொட்டிய கரியில் அன்றைக்கு என் மனைவி கத்திரிக்காய் சுட்டாள். துவையல் நன்றாக இருந்தது.

கள்ளிச் செடிக்கும் அதே மரியாதைதான். அதற்கு இன்னும் பெரிய தொட்டி, இன்னும் கொஞ்சம் வண்டல், அடியில் ஒரு கூடை சாணி எரு.

உரத்துக்குப் பாகூர் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே உரக்கடை வைத்திருக்கும் பாய் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். ஒரே பரீட்சையில் சேர்ந்து கோட்டை விட்டவன். அதனால் அவன் புத்திசாலித்தனத்தின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

"பாய், ஆர்க்கிட்டுக்கு இன்னா உரம் போடணும்?"

"அது இன்னா மச்சான், கரும்பு சாதியா வாழ சாதியா?"

"பூச்செடிப்பா."

"இலை பச்சையா இருக்குதா?"

"இருக்குது."

"அப்போ யூரியா போடு."

"பச்சையா இல்லன்னா?"

"அப்பவும் யூரியாதான்."

போட்டேன். ஆர்க்கிட்டுக்கு ஒரு சிட்டிகை, கள்ளிக்கு ஒரு கைப்பிடி. காலையில் ஒரு சொம்பு தண்ணீர், வயலிலிருந்து வந்ததும் ஒரு சொம்பு. நான் சாப்பிடப் போகும்போது அதுகள் மட்டும் சும்மா நிற்கிறதே என்று இன்னொரு சொம்பு.

இப்படிக் கவனித்தால் எந்த ஜீவன்தான் சந்தோஷமாக இருக்காது? ஆர்க்கிட் இருக்கவில்லை. முதலில் பூக்கள் உதிர்ந்தன. அது இயற்கை என்று விட்டேன். பிறகு இலை மஞ்சளானது. சத்துப் பத்தவில்லை என்று இன்னொரு சிட்டிகை போட்டேன். அடித்தண்டு கருத்தது. தாகம் என்று நினைத்தேன். கள்ளியோ நேரெதிர். தளதளவென்று கிளம்பி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூடத்துக்குள் கையை நீட்டியது. என் மனைவி அதில் துண்டு காயப்போட்டாள். இலை இலையாக வந்ததே தவிர ஒரு பூ இல்லை. தெருவில் போகிறவர்கள் நின்று, "இன்னா கீரை இது?" என்று கேட்டார்கள்.

மகள் போன் பண்ணும்போதெல்லாம் கேட்பாள். "அப்பா, செடி எப்படி இருக்குனு அத்தை கேக்கறாங்க."

"ஜோரா இருக்குது." கள்ளியைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். அந்த மட்டுக்கும் உண்மைதான்.

அதற்குள் அடுத்த வருஷம் வந்தது. மகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்தது. என் மனைவி அன்றிலிருந்து தரையில் நடக்கவில்லை. முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்று உள் அறையைச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாள். பழைய புடவைகளைத் துவைத்துத் துணித்தொட்டிலுக்கு எடுத்து வைத்தாள். மகளுக்கும் இங்கே வரத்தான் ஆசை. இதில் சம்பந்தியம்மாதான் கொஞ்சம் இழுத்தார். தெருமுனையிலேயே ஆஸ்பத்திரி இருக்கும்போது கிராமத்துக்கு எதற்கு என்பது அவர் யோசனை. எங்கள் கொம்யூனில் தடுக்கி விழுந்தால் மெடிக்கல் காலேஜ் என்று நான் எடுத்துச் சொன்னேன். தடுக்கி விழுவது பற்றிக் கர்ப்பிணி விஷயத்தில் பேசியிருக்க வேண்டாம் என்று பிறகு என் மனைவி சொன்னாள்.

கடைசியில் சம்பந்தியம்மா போனில் ஒரு முடிவுக்கு வந்தார். "வளைகாப்புக்கு முன்னாடி ஒரு நாள் நான் வந்து வீடு, வசதி எல்லாம் பாத்துக்கறேன் அண்ணி. அப்புறம் முடிவு பண்ணலாம். அப்படியே என் செடிங்களையும் பாத்த மாதிரி இருக்கும்."

என் மனைவி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் செத்துக்கொண்டிருந்த ஆர்க்கிட்டைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அவங்க வூட்டப் பாக்க வரல. செடியப் பாக்க வராங்க."

"சேச்சே."

"இன்னா சேச்சே? ரெண்டு செடிய வச்சிக் காப்பாத்தத் தெரியாத மனுஷன நம்பி புள்ளத்தாச்சிப் பொண்ண எப்படி அனுப்புவாங்க? நானா இருந்தா அனுப்புவனா?"

"நீ அனுப்புவ."

"மாட்டேன்."

அவள் குரல் உடைந்தது. அதுவரை எனக்கு எல்லாம் வேடிக்கையாக இருந்தது. எடுத்துவைத்த பழைய புடவைகள் மூட்டையாக அவள் பக்கத்திலேயே இருந்தன. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்றைக்கே ஆர்க்கிட்டைச் சட்டியோடு கவிழ்த்தேன். வண்டல் கல்லாகவும் இல்லாமல் சேறாகவும் இல்லாமல், ஒரே கட்டியாக வந்து விழுந்தது. உள்ளே வேர்கள் வேகவைத்த சேமியா மாதிரிக் குழைந்து போயிருந்தன. மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த நாற்றத்தில்தான் ஒரு விஷயம் உறைத்தது: வேர்கள் மண்ணைத் தேடி வெளியே தொங்கவில்லை. காற்று வாங்கிக்கொண்டிருந்திருக்கின்றன. நான்தான் பிடித்துக் கொண்டுபோய்ப் புதைத்திருக்கிறேன். சட்டியின் ஓட்டைகளும் குயவர் தப்பு இல்லை. அதுவும் காற்றுக்குத்தான்.

அழுகியதையெல்லாம் நறுக்கியதில் ஒரு தண்டும், நூல் மாதிரி இரண்டு மூன்று வேரும் மிஞ்சின. பழைய கரி வேண்டும் என்றால் அது என்றைக்கோ கத்திரிக்காய்த் துவையலாகி எங்கள் வயிற்றுக்குள் போய்விட்டது. இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டுக் கொஞ்சம் கரி வாங்கினேன். தேங்காய் மட்டையில் தண்டை வைத்துக் கட்டி, கரியோடு சட்டியில் உட்காரவைத்தேன். நண்டு வளைகளையெல்லாம் திறந்துவிட்டேன்.

"அது இருக்கட்டும். இந்தக் கீரை ஏன் பூக்கல?" என்றாள் மனைவி, ஜன்னலைக் காட்டி.

"தெரியல."

"மாமரத்துக்கு மார்கழியில தண்ணி காட்டாதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. இதுக்கு மட்டும் ஆறா ஓடுதே?"

எனக்குச் செருப்பால் அடித்தது மாதிரி இருந்தது. பூக்க வேண்டிய எதையும் கொஞ்சம் வாடவிட வேண்டும், மல்லியைக் கவாத்து பண்ணிக் காயப்போட வேண்டும், எல்லாம் எனக்கு மனப்பாடம். வயிறு முட்டச் சாப்பிட்ட செடி எதற்குப் பூக்கும்? இலையை விட்டுக்கொண்டு சுகமாக இருக்கும், என்னைப் போல.

ஆனால் தெரிவது வேறு, சும்மா இருப்பது வேறு. நெல்லுக்காரன் கண்ணுக்கு வறண்ட மண் பட்டால் கை தானாகச் சொம்பைத் தேடும். முதல் நாள் பொறுத்துக்கொண்டேன். மறுநாள் பல் விளக்கும்போது கொஞ்சம் தண்ணீர் அந்தப் பக்கம் தெறித்தது. அதற்கடுத்த நாள் கால் கழுவிய தண்ணீர் தொட்டிப் பக்கமாக ஓடியது. வாய்க்கால் நான் வெட்டியதுதான். ஒரு நாள் மடித்துக் கட்டிய வேட்டிக்குள் சொம்பை மறைத்துக்கொண்டு போனபோது என் மனைவி கதவோரம் நின்றிருந்தாள்.

"வேட்டியில இன்னா?"

"ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லாததுலேர்ந்து ஏன் சொட்டுது?"

அன்று மதியமே இரண்டு செடிகளையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாய் வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டாள். கள்ளியின் நீட்டிய கைகளைக் கயிற்றில் சுருட்டிக் கட்டி, போலீஸ் பிடித்துக்கொண்டு போவது மாதிரிக் கொண்டுபோனாள். பாய் வீட்டு மாடியில் முருங்கை நிழல் உண்டு, பாதி வெயில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பாய் உண்டு. அவனைப் போல எதையும் கண்டுகொள்ளாத மனிதன் எங்கள் வட்டாரத்தில் கிடையாது. கடையில் விற்கிற உரத்தைத் தன் வீட்டுச் செடி எதற்கும் போட்டதில்லை.

நான் தினமும் உரம் வாங்குகிற சாக்கில் கடைக்குப் போனேன். கரும்புக்கு மருந்து கேட்பேன், விலை கேட்பேன், வாங்காமல் நிற்பேன்.

"இன்னா மச்சான், மனு போட்டுப் பாக்க வந்தியா?"

"சும்மாதான் பாய். எப்படி இருக்குது?"

"யாரு?"

"செடிடா."

"அட, அது மாடியிலயா இருக்குது? மறந்தே போச்சி."

"தண்ணி ஊத்தினியா?"

"மழ பெஞ்சா ஊத்தும்."

"பாய், ஒரே ஒரு சொம்பு..."

"உன் சம்சாரம் என் சம்சாரத்துகிட்ட சொல்லிட்டுப் போயிருக்குது. நீ மாடிப்படி ஏறினா தண்ணி உன் தலமேல ஊத்தச் சொல்லி."

வெயில் காய்ந்தது. கடைத்தெருவிலிருந்து எட்டிப் பார்த்தால் கள்ளியின் நுனி மட்டும் மாடிச் சுவருக்கு மேல் தெரியும். பச்சை மங்கி, தோல் சுருங்கி, உழைத்துக் களைத்தவன் கை மாதிரி ஆகிவிட்டிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆவணியில் ஒரு சாயங்காலம் இடியோடு நல்ல மழை பிடித்தது. சில நாள் கழித்துப் பாய் போன் பண்ணினான்.

"மச்சான், உன் கீரையில கொக்கி கொக்கியா ஏதோ தொங்குது. புழுவா பாரு. மருந்து அடிச்சிரட்டுமா?"

"அடிக்காத! கை வச்ச, கொன்னுடுவேன்!"

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். இலை ஓரத்தில் மூன்று மொட்டுகள், ரோஜா நிறத் தண்டில் வளைந்து தொங்கின. பாயின் மனைவி கருணை காட்டி என்னை மாடி ஏற அனுமதித்தார். சொம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான். நான் எதுவும் ஊற்றவில்லை. சத்தியமாக ஊற்றவில்லை. மொட்டுகள் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. சம்பந்தியம்மா வந்தால் எதிரே தெரியட்டும் என்று தொட்டியை இப்படிக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

இரண்டு நாளில் மூன்றில் இரண்டு மொட்டு மஞ்சளாகி விழுந்துவிட்டது. மொட்டு வைத்த பிறகு இந்தச் செடியை அசைக்கவோ திருப்பவோ கூடாதாம். இதைச் சொன்னது என் மகள். "சும்மாதான் கேக்கறேன், ஒருத்தர் வூட்டுச் செடி" என்று அவளிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன்.

"யாரு வூட்டுச் செடிப்பா?"

"தெரிஞ்சவரு."

"அந்தத் தெரிஞ்சவரத் தள்ளி நிக்கச் சொல்லுங்கப்பா."

மிஞ்சியது ஒரே மொட்டு. சம்பந்தியம்மா ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். என் மகள் எங்கே பிள்ளை பெறுவாள் என்பது அந்த ஒரு மொட்டின் கழுத்தில் தொங்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் விழுந்துவிடும். அங்கேயே விட்டால், செடி ஏன் அடுத்த ஊரில் இருக்கிறது என்று கேட்பார். இரண்டில் கேள்வியே தேவலாம் என்று முடிவு செய்தோம்.

ஞாயிறு காலையில் பாய் போட்டோ அனுப்பினான். தொங்கிக்கொண்டிருந்த மொட்டு தலையைத் தூக்கியிருந்தது, நுனி உப்பியிருந்தது. இன்று இருட்டினதும் விரியும் என்பது எனக்கே தெரிந்தது. நல்ல காலம் என்று குதித்தேன். சம்பந்தியம்மா மதியம் மருமகனோடு காரில் வந்து இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தையில் குதிப்பு நின்றது.

"அஞ்சு மணிக்குக் கிளம்பிடணும்ணே. கடலூர் ரோட்டுல இருட்டுல வண்டி ஓட்ட இவனுக்குப் பிடிக்காது."

வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த அறை, தண்ணீர் வசதி, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஜன்னல் கம்பியில் கள்ளி பிடித்திருந்த தடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என் செடிங்க எங்கண்ணே?"

"பாகூர்ல இருக்குது. அங்க காத்து நல்லாருக்கும்."

"செடிக்குக் காத்து மாத்த அனுப்பினீங்களா?"

"ஆமா," என்றாள் என் மனைவி. "இவருகிட்டேர்ந்து."

"சாப்டுட்டுப் போய்ப் பாக்கலாம்," என்று நான் அவசரமாக இலையைப் போட்டேன்.

சாப்பாட்டை மூன்று மணி வரை இழுத்தேன். வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, இரண்டாம் முறை சோறு. இலையை மடிக்கவிடாமல் பாயசம். பிறகு மாடு கன்று போட்டிருப்பதைப் பார்க்க வேண்டும் என்றேன். கரும்புக் கொல்லையைப் பார்க்காமல் போகக் கூடாது என்றேன். அங்கே வரப்பில் நடக்கவைத்து, கரும்பு ஒடித்துக் கொடுத்து, மோட்டார் கொட்டகையில் இளநீர் வெட்டினேன். திரும்பி வந்ததும் பஜ்ஜி, அதற்கு மேல் டீ. சம்பந்தியம்மா ஒவ்வொன்றையும் மரியாதைக்காக வாங்கிக்கொண்டார். முகம் மட்டும் மெல்ல மெல்ல மஞ்சளானது. எங்கேயோ பார்த்த மஞ்சள்.

"அண்ணே," என்றார், மூச்சு வாங்க, "போதும்ணே. இனிமே தண்ணிகூட இறங்காது. செடியப் பாத்துட்டுக் கிளம்பறேன்."

மணி ஆறைத் தாண்டியிருந்தது. கிளம்பினோம். வழியில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஏரியைக் காட்டிக் கொஞ்ச நேரம் கரைத்தேன். மருமகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

பாய் வாசலிலேயே நின்றான், சலவை வேட்டி கட்டிக்கொண்டு, தான்தான் பெண்ணைக் கொடுத்தது மாதிரி. "வாங்க தங்கச்சி, வாங்க மாப்ள. நேரா மேல போங்க. மிளகா காயுது, மிதிச்சிடாதீங்க."

மாடியில் இன்னும் மங்கல் வெளிச்சம் இருந்தது. மொட்டு மூடியே இருந்தது. சம்பந்தியம்மா கிட்டே போய்ப் பார்த்தார். பாயின் மனைவி கோரைப்பாய் விரித்தார். எல்லோரும் உட்கார்ந்தோம். இந்தப் பூ விரியும்போது கற்பூரம் காட்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். என் மனைவி முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். ஆனால் பாய் வீட்டு மாடியில் எப்படி என்று தயங்கினாள்.

"ஏத்தும்மா," என்றான் பாய். "மிளகாப் பக்கம் மட்டும் வேணாம். எல்லாரும் இருமியே செத்துடுவோம்."

இருட்டியது. மொட்டின் நுனி லேசாக அதிர்ந்தது. ஒரு இதழ் விலகியது, அப்புறம் இன்னொன்று. மயிரிழை அளவுக்குத்தான் நகர்ந்தது, ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்ந்தது. வாசனை முதலில் வந்தது, பூ பின்னால் வந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, வெள்ளை வெளேரென்று, உள்ளே ஒரு சின்ன விளக்குத் திரி மாதிரி மகரந்தங்கள். பாய்கூட வாயை மூடிக்கொண்டான். நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

சம்பந்தியம்மா போனை எடுத்து என் மகளுக்கு வீடியோவில் காட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே கூச்சல்.

"பாத்தீங்களா அத்தை? நான் சொன்னன்ல, எங்கப்பா கை பட்டா..."

சம்பந்தியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆமாம்மா. உங்கப்பா கைதான்," என்றார். போனை அணைத்தார். அணைத்துவிட்டு எழுந்து, மூலையில் தொங்கிய ஆர்க்கிட் சட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

அது பூக்கவில்லை. ஆனால் செத்த தண்டின் அடியில் தீக்குச்சி அளவுக்கு ஒரு பச்சைத் தளிர் வந்திருந்தது. பக்கத்தில் புது வேர் ஒன்று வெள்ளையாக, நுனி மட்டும் பச்சையாக, கரியைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தது. சம்பந்தியம்மா விரலால் பழைய தண்டைச் சுரண்டினார். காய்ந்த சேறு உதிர்ந்தது.

"இது என்ன மண்ணுண்ணே?"

நான் வானத்தைப் பார்த்தேன். அதில் உதவி எதுவும் இல்லை. பாய்தான் முந்திக்கொண்டான். அவனுக்கு இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் வேறு வராது.

"ஏரி வண்டல் தங்கச்சி. கரியில வாழுதே பாவம்னு அள்ளி அமுக்கிட்டாரு. ஓட்டையெல்லாம் நண்டு வளைன்னு அடச்சிட்டாரு. மேல நெல்லு நட்ட மாதிரி தண்ணி. வேட்டிக்குள்ள சொம்பு வச்சிக்கினு திரிஞ்சாரு. அதான் உங்க அண்ணி செடிங்கள இங்க கொண்டாந்து ஒளிச்சி வச்சாங்க."

"யூரியா போடச் சொன்னது யாருடா?" என்றேன்.

"கேட்டா சொல்றது கடைக்காரன் கடமை மச்சான்."

என் மனைவி, கற்பூரம் ஏற்ற அவர்கள் கொடுத்த தட்டைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். சுருட்டி வைத்த பழைய புடவைகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. சம்பந்தியம்மா சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன். திரும்பியபோதுதான் தெரிந்தது, சிரிப்பு. அடக்க முடியாமல் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே... என் செடிங்க எத்தனையோ செத்திருக்குது. மறந்துபோயி செத்திருக்குது, வெயில்ல செத்திருக்குது. இவ்ளோ பாசமா ஒரு செடிய யாரும் கொல்லல."

"இன்னும் சாகல," என்றேன், தளிரைக் காட்டி.

"அதான் பாத்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கரண்டியும் கையுமா நீங்க என்னை இன்னிக்குப் பூரா துரத்தினப்பவே எனக்கு லேசா புரிஞ்சிது. மதியத்துலேர்ந்து என் நெலமையும் இந்தச் செடி நெலமைதான்."

பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பினார். "அண்ணி, மருமகளை அனுப்பறேன். முதல் பிரசவம் உங்க வீட்டுலயே நடக்கட்டும். இவ்ளோ அக்கறை எங்க வீட்டுல கிடைக்காது. ஆனா ஒன்னு."

"சொல்லுங்க அண்ணி."

"அவ என்ன சாப்பிடணும், எவ்ளோ சாப்பிடணும்கிறது உங்க பொறுப்பு. அண்ணன் கொஞ்சம் தள்ளியே இருக்கணும்."

"அத நான் பாத்துக்கறேன்," என்றாள் என் மனைவி. அவ்வளவு வேகமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இப்போது மகள் வந்துவிட்டாள். உள் அறையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். துணித்தொட்டில் எந்த உத்திரத்தில் கட்டுவது என்று அம்மாவும் மகளும் தினம் சண்டை போடுகிறார்கள். ஆர்க்கிட் சட்டியும் வீட்டுக்கு வந்து, தாழ்வாரத்தில் தொங்குகிறது. தளிர் ஒரு விரல் உயரம் ஆகியிருக்கிறது. பூ எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை, நான்கூட.

நேற்று பால் கறந்ததும், சூடாகக் காய்ச்சி, பனங்கற்கண்டு போட்டு, ஒரு சொம்பு நிறைய எடுத்துக்கொண்டு மெதுவாக உள் அறைப் பக்கம் போனேன். மகள் மாமியாரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குரலை உயர்த்தினாள்.

"அத்தை, அப்பா சொம்போட வராரு!"

போனுக்குள்ளிருந்தும் அடுப்பங்கரையிலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. நான் அப்படியே திரும்பினேன். தாழ்வாரத்துக்கு வந்தேன். தலைக்கு மேலே ஆர்க்கிட் தொங்கியது, கரி காய்ந்து கிடந்தது. சொம்பு என் கையில் இருந்தது. நான் அண்ணாந்து பார்க்கத்தான் பார்த்தேன்.

"அதுக்கும் வேணாம்!" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

பாலை நானே குடித்தேன்.